சிரிப்புக் கோபுரத்துக்கு வழி

கழுகுக் கோபுரத்தை எமிலியானுஸ் காலை ஏழரைக்குத் துடைத்து முடித்துவிடுவார். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கோபுரத்துக்கு ஏறும்போது வலது முழங்கால் ஒரு தடவை முனகும். "பொறு, இன்னும் பதினெட்டுப் படிதான்" என்று முழங்காலுக்குச் சொல்வார். முழங்காலும் பொறுத்துக்கொள்ளும்.

பலெர்மோ நகரத்தின் கால்சாப் பகுதியில், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் பழைய மாளிகை ஒன்றின் படிக்கட்டு அது. திருப்பத்துக்குத் திருப்பம் அவர் ஒரு பெயர் வைத்திருக்கிறார். கீழே முற்றம் 'மான்'. முதல் மாடி 'நிக்கலாஸ் வாசல்'. இரண்டாவது 'ஆபிரகாம்'. மூன்றாவது 'கழுகு'. மொட்டை மாடிக் கதவுக்கு முன்னால் உள்ள கடைசித் திருப்பம் 'சிரிப்பு'. மாளிகையில் குடியிருக்கும் ஆறு வீட்டாரில் இந்த விஷயம் தெரிந்தவர் மூன்றாம் மாடிச் 'சிஞ்ஞோரா' அம்மையார் மட்டுந்தான். எண்பத்திரண்டு வயது, இடக்காது கேளாது. "எமிலியோ, இன்றைக்குக் கழுகு வழுக்குமா?" என்று இத்தாலியனில் கேட்டு, பதில் வந்த பிறகுதான் ரொட்டி வாங்க இறங்குவார்.

பெயர்கள் எமிலியானுஸின் கற்பனை அல்ல. ருஷ்யாவில், தினேப்பர் ஆற்றங்கரையில், ஸ்மொலென்ஸ்க் என்றொரு பழைய கோட்டை நகரம் இருக்கிறது. ஊரைச் சுற்றிச் செங்கல் மதில். மதிலில் முப்பத்தெட்டுக் கோபுரங்கள் இருந்து, இப்போது பதினெட்டு மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குத் தமிழ்ப் பெயர் வைத்து, நகரப் பூங்காவில் நிற்கும் வெண்கல மானையும் சேர்த்து, சிசிலிப் படிக்கட்டில் குடியேற்றியிருக்கிறார் மனிதர். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, மொஸ்கோவில் இறங்கி, களவாக எல்லை கடந்து வந்த நம்மவர்களில் பலர் அந்த ஊரில் இரண்டு நாளோ நாலு நாளோ தங்கியிருப்பார்கள். ஊர் எப்படி என்று கேட்டால் "ஒரு அறை, ஒரு யன்னல், உருளைக்கிழங்கு" என்பார்கள். எமிலியானுஸ் அங்கே ஏழு மாதம் இருந்தவர்.

ஊர்காவற்றுறைக்காரர். நாற்பத்துநாலு வயது. பலெர்மோவின் ஆவணி வெயிலிலும் கம்பளிக் காலுறையைக் கழற்றமாட்டார். எந்த அறைக்குள் போனாலும் முதுகைச் சுவருக்குக் கொடுத்து, கண்ணை வாசலுக்குக் கொடுத்துத்தான் உட்காருவார். ஞாயிறு தமிழ்ப் பூசையில் பாட்டுக்காரரை விட ஒரு சொல் முந்திப் பாடுவார்; சுவாமியார் ஒருமுறை கண்டித்தும் திருந்தவில்லை. 'கோட்டை எமிலியான்' என்று பின்னால் சொல்வார்கள், முன்னாலும் சொல்வார்கள். அதற்கெல்லாம் அவர் கோபிப்பதில்லை. "உது ஒரு பழைய சுவர்தானே அண்ணை?" என்று யாராவது சொன்னால்தான் மூக்கு விடைக்கும்.

பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது வாயைக் கொஞ்சம் கிளறினால் போதும். "எங்கடை யாழ்ப்பாணக் கோட்டையை மூண்டு மாசம் அடைச்சதை இண்டைக்கும் கதைக்கிறம். போலந்து ராசா வந்து இவங்களை இருபது மாசம் அடைச்சு வைச்சவன். விட்டாங்களோ? கடைசியிலை, மலைக்கு மேலை இருந்த பெரிய கோயிலுக்குள்ளை சனமெல்லாம் போய் நிண்டு, கிடந்த வெடிமருந்துக்குத் தாங்களே நெருப்பு வைச்சவை." இந்த இடத்தில் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். "இப்ப அதே இடத்திலை பச்சை நிறத்திலை ஒரு கோயில் நிக்குது. எங்கையிருந்து பாத்தாலும் தெரியும். வழி மாறினால் அதைப் பாத்தாக் காணும்." பிறகு குரல் மாறும். "நெப்போலியன் வந்தான். தோத்துப் போகேக்கை கோபுரங்களுக்கு வெடி வைச்சிட்டுப் போனான். போறவன் பேசாமல் போறதுதானே? சுவர் முழுசா இருந்திருந்தால் ஒருத்தரும் துலைஞ்சிருக்காயினம்."

நெப்போலியன் மேல் இவ்வளவு சொந்தக் கோபம் வைத்திருக்கும் தமிழர் ஐரோப்பாவில் வேறு ஒருவர் இருப்பார் என்று தோன்றவில்லை. ஆனால் கடைசி வசனத்தைச் சொல்லும்போது கேட்பவர்கள் சிரிப்பதில்லை. தொலைந்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இராஜதுரை. வேலணைக்காரர், சைவர், எமிலியானுஸின் சிநேகிதர். இருவரும் ஒரே விமானத்தில் வந்து, 1992 ஐப்பசியில் ஒரே அறையில் ஸ்மொலென்ஸ்கில் கிடந்தார்கள். ஒருநாள், களவாக எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் வந்து, மாலை ஐந்து மணிக்கு மதிலின் கிழக்குக் கோடியில் உள்ள கோபுரத்தடிக்கு ஏற்றிப்போக ஒரு வான் வரும் என்றான். இரண்டு கறுத்த ஆட்கள் சேர்ந்து நடந்தால் கண்ணில் படும். எமிலியானுஸ் முதலில் போய் வழி பார்த்து வந்தார். பூங்காவில் மானுக்குப் பக்கத்தில் நின்று துரைக்கு விளக்கிச் சொன்னார். "ஆத்துக்கு முதுகைக் காட்டிக் கொண்டு போ. சுவர் வரும். சுவரைப் பிடிச்சு வலமா வா துரை. பிழைக்காது." சொல்லிவிட்டு அரைமணி முன்னதாகப் போய்க் காத்து நின்றார். வான் வந்தது. துரை வரவில்லை. சாரதி ஹோர்ன் அடித்தான், கையைக் காட்டினான், போய்விட்டான். எமிலியானுஸ் ஏறவில்லை.

அதற்குப் பிறகு ஏழு மாதம் தேடினார். தனியாகத் திரிந்தால் யாராவது கடதாசி கேட்பார்கள் என்ற பயம். மதிலைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டத்துக்குப் பின்னால், துரையின் பாஸ்போட் அளவுப் படத்தைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு நடப்பார். வழிகாட்டும் மனுஷி முதலில் முறைத்தார். பிறகு கண்டால் தலையாட்டினார். மூன்றாம் மாதம் "இன்றைக்குத் தொப்பி இல்லாமல் வந்திருக்கிறாய்" என்று ஏசினார். ஒரே கதையை நாளுக்கு இரண்டு தரம் கேட்டுக் கேட்டுத்தான் எமிலியானுஸுக்கு அந்த ஊரின் சரித்திரமும் ருஷ்ய மொழியும் சேர்ந்து படிந்தன. துரையை எவரும் கண்டதாகச் சொல்லவில்லை.

துரையின் மனைவி யோகாம்பாள் இப்போது வவுனியாவில். வருஷத்தில் ஒரு வான்கடிதம் போடுவார். சுகம் விசாரித்த பிறகு கடைசி வரி எப்போதும் ஒன்றே: 'ஏதும் அறிந்தீர்களா?' எமிலியானுஸும் வருஷம் தவறாமல் மூன்று வரியில் பதில் போடுவார். மூன்றாம் வரி, 'இன்னும் இல்லை.'

அந்த ஊரை மனப்பாடமாக வைத்திருப்பதால் ஒரு பயனும் உண்டாயிற்று. துடைப்பங்கள் வைக்கும் அலுமாரியின் உட்கதவில், கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அவர் கீறிய படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. மதில், கோபுரங்கள், பச்சைக் கோயில், ரயில் நிலையம். அதன் பிரதி எத்தனை பேரின் சப்பாத்துக்குள் மடிந்து எல்லை தாண்டியது என்று அவருக்கே தெரியாது. வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் மத்தியானம் ஓய்வு. மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள்; இவர் சிஞ்ஞோராவின் நடையில், தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருப்பார். சிஞ்ஞோரா ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை தூங்குவார், கேட்கும் காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டு. அந்த ஊரில் வழி தெரியாமல் தவிக்கும் தமிழ்ச் சனத்துக்கு அந்த நேரம் கைமாறிக் கைமாறித் தெரிந்திருந்தது.

1996 கார்த்திகையில் ஒரு வியாழன். போர்கோ வெக்கியோவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவும் விக்னராஜா, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அந்த நடையில் நின்றான். கலியாணம் முடித்து மூன்றாம் மாதம் மனைவியை விட்டு வந்தவன். மனைவி சாம்பவி ஒரு கிழமையாக ஸ்மொலென்ஸ்கில். அவளுடைய விசா அன்றோடு முடிகிறது. இன்றைக்குள் அந்த நாட்டை விட்டு வெளிக்கிடாவிட்டால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜென்சிக்காரன் சொல்லி வைத்திருந்தான்.

ஒன்றரைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. அங்கே மூன்று இருபது. இருவரும் ஒரே ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டார்கள்.

"எமிலியானுஸ் அண்ணையோ? நான் சாம்பவி."

"ஓம் பிள்ளை. இவர் பக்கத்திலைதான் நிக்கிறார். முதல் வழியைக் கதைப்பம். எங்கை நிக்கிறாய்?"

"பெரிய போஸ்ற் ஒபிசிலை. மூண்டு நிமிசந்தான் தந்தவை. காலமை எங்களை அறையிலை இருந்து எழும்பிப் போகச் சொல்லிப்போட்டாங்கள். மற்ற ஆக்களைக் காணேல்லை. அஞ்சு மணிக்கு வான் வருமாம்."

"எங்கை வருமாம்?"

ஒரு கடதாசி சரசரத்தது. அவள் எழுத்துக் கூட்டினாள். "வெ... செ... லூ... கா."

சிரிப்புக் கோபுரம். துரை வந்து சேராத அதே கிழக்குக் கோபுரம். இத்தனை வருஷத்தில் தொலைபேசியில் ஒருவரும் சொல்லாத பெயர். மற்றவர்களின் வான்கள் ரயில் நிலையப் பக்கத்திலிருந்துதான் புறப்பட்டிருந்தன. எமிலியானுஸ் குரலை அசையவிடவில்லை.

"வடிவாக் கேள் பிள்ளை. தெருப் பேர் வாசிக்க உனக்கு ஏலாது, சுவரை வாசிக்கத் தேவையில்லை. வெளியாலை வந்தால் ஒரு பூங்கா. அதுக்குள்ளை வெண்கல மான் ஒண்டு..."

"கண்டனான் அண்ணை! பிள்ளையள் ஏறி இருக்கினம்."

"கெட்டிக்காரி. அதைத் தாண்டி, ஆத்துக்கு முதுகைக் காட்டிக் கொண்டு போ. சிவத்த சுவர் வரும். சுவரைப் பிடிச்சு வலமா வா. இடையிலை உடைஞ்சிருக்கும், பயப்பிடாதை, அங்காலை திரும்பவும் தொடங்கும். மேட்டிலை, பள்ளத்தைப் பாத்துக் கொண்டு நிக்கிற கோபுரம்."

"வலமாத்தானே அண்ணை?"

"வலமாத்தான். பிழைக்காது."

விக்னராஜா வாயைத் திறப்பதற்குள் தொடர்பு அறுந்தது. எமிலியானுஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஒரு மணித்தியாலம் காணும். அவளுக்கு ஒண்டரைக்கு மேலை கிடக்கு. நீர் இரும் தம்பி."

விக்னராஜா இருக்கவில்லை. நடையில் அங்கும் இங்கும் நடந்தான். வெளியே வெயில் சுவரில் மஞ்சளாக அடித்தது. கீழே யாரோ பொரித்த மீனின் மணம் படியேறி வந்தது. அங்கே இப்போது பனி விழுமா என்று கேட்டான். விழும் என்றார். இருட்டிவிடுமா என்று கேட்டான். ஐந்துக்கு இருட்டும் என்றார். பிறகு கேட்கக்கூடாததைக் கேட்டான்.

"ஏன் அண்ணை அதுக்குச் சிரிப்புக் கோபுரம் எண்டு பேர்?"

அதற்கு இரண்டு கதைகள் உண்டு. மதிலின் அந்த மூலை இடிந்து இடிந்து விழுந்ததாம். ஒரு வியாபாரியின் இளம் மகளை உயிரோடு உள்ளே வைத்துக் கட்டிய பிறகுதான் நின்றதாம். அவளுடைய சிரிப்பு இன்னமும் கேட்குமாம். பள்ளிப் பிள்ளைகள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். எமிலியானுஸ் மற்றக் கதையைச் சொன்னார். "அங்கையிருந்து பாத்தால் ஆறும் வெளியும் அவ்வளவு வடிவு. பாக்கிறவன் சிரிப்பானாம்."

"நல்லது" என்றான் விக்னராஜா. ஏப்ரனின் நாடாவை அவிழ்த்தான், திரும்பக் கட்டினான்.

இரண்டு பத்துக்கு மணி மறுபடி அடித்தது. அடித்திருக்கக்கூடாது. கோபுரத்தடியில் தொலைபேசி இல்லை.

"அண்ணை..." மூச்சு வாங்கியது. "அண்ணை, நான் திரும்பவும் அந்தப் போஸ்ற் ஒபிசிலைதான் நிக்கிறன்."

"என்ன பிள்ளை சொல்லுறாய்? சுவரைக் காணேல்லையோ?"

"கண்டனான். நீங்கள் சொன்ன மாதிரித்தான் வந்தனான். வட்டமா ஒரு பெரிய கோபுரம் வந்தது, தலையிலை மரத் தொப்பி மாதிரி. அங்காலை பாத்தால் இந்த ஒபிஸ்."

அது இடிக் கோபுரம். மேற்கே இருக்கிறது. அவள் நேர் எதிர்ப்புறமாகப் போயிருக்கிறாள்.

"சுவர் எந்தக் கைப்பக்கம் இருந்தது?"

"இடக்கைப் பக்கம்."

"வலம் எண்டெல்லோ சொன்னனான்!" எமிலியானுஸ் கத்திவிட்டார். உள்ளறையில் சிஞ்ஞோரா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

"வலமாத்தானே வந்தனான்" என்றாள் சாம்பவி. அழத் தொடங்கியிருந்தாள். "உள்வீதி சுத்துற மாதிரி."

எமிலியானுஸுக்கு விளங்கவில்லை. விக்னராஜாவுக்கு உடனே விளங்கியது. முகம் வெளிறிப்போய் அவர் தோளைப் பிடித்தான். "அண்ணை, அவள் மதிலுக்கு உள்ளை எல்லோ நிக்கிறாள். கோயில் உள்வீதியிலை வலம் வந்தால் மதில் இடக்கைப் பக்கம்தான் வரும். சுவாமிதான் வலக்கைப் பக்கம். எங்களுக்கு வலம் எண்டால் அதுதான் அண்ணை. கையில்லை. சுத்து."

எமிலியானுஸ் வேதக்காரர். வலம் என்றால் அவருக்கு வலக்கை. சைவக் கோயில் வாசலில் சிநேகிதருக்காக எத்தனையோ நாள் காத்து நின்றிருக்கிறார், செருப்புகளுக்குக் காவலாக. உள்வீதியில் கால் வைத்ததில்லை. அந்தக் கணத்தில் அவருக்கு முன்னால் நின்றது சாம்பவி அல்ல. ஆனால் அங்கே நாலு பத்து, அவளுக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. துரையைப் பிறகு பார்க்கலாம்.

'சுவரை வலக்கைப் பக்கம் வைத்துப் போ' என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதையில் நிக்கலாஸ் வாசலைத் தாண்டும்போது உள்ளே போகவேண்டி வரும், வெளியே வரவேண்டி வரும், கைப்பக்கம் மாறிவிடும். இன்னொரு தரம் பிழைத்தால் நேரம் இல்லை. கை கூடாது. சுற்றுத்தான் மாறாதது.

"தம்பி, வலத்துக்கு எதிர்ச்சுத்துக்கு உங்கடை ஆக்கள் என்ன சொல்லுறது? கெதியாச் சொல்லும்!"

விக்னராஜா ஏப்ரனின் நாடாவைப் பிடித்து இறுக்கினான்.

"சொல்லுமன்!"

"இடம்... இடம் சுத்துறது. அண்ணை, அது செத்தவீட்டிலை மட்டுந்தான். பிரேதத்தைத்தான் அப்பிடிச் சுத்துறது. அவளுக்கு நான் அதைச் சொல்லமாட்டன்."

ரிசீவரில் ருஷ்யப் பெண்குரல் ஒன்று குறுக்கிட்டது. நேரம் முடிகிறது என்பது எமிலியானுஸுக்கு மட்டும் விளங்கியது. அந்தக் குரலிடம் அவர் ருஷ்ய மொழியில் ஏதோ கெஞ்சினார். பிறகு, மணவாளனின் முகத்தைப் பாராமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை, கேள். வந்த வழியாலை திரும்பி, சுவரை முதல் கண்ட இடத்துக்குப் போ. அங்கையிருந்து இடமாச் சுத்து. செத்தவீட்டிலை சுத்துற மாதிரி. விளங்குதோ? சுவருக்கு உள்ளை நிண்டாலும் வெளியிலை நிண்டாலும் அதே சுத்து. நிக்கிற கோபுரங்களைப் பாராதை. மேடு ஏறி முடிய, பள்ளம் தெரியும்."

இரைச்சல். விக்னராஜா கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்பாவுக்குச் சுத்தின மாதிரியோ?" என்றாள் சாம்பவி. அழுகை நின்றிருந்தது.

"ஓம் பிள்ளை. அப்பாவுக்குச் சுத்தின மாதிரி. நில்லாமல் போ."

"ஓம்" என்றாள். அறுந்தது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் கொடுமை. விக்னராஜா மூன்றாம் மாடித் திருப்பத்தில், கழுகில், முழங்காலுக்கிடையில் தலையை வைத்துக் குந்தியிருந்தான். எமிலியானுஸ் மேல் அவனுக்குக் கோபம். அது நியாயமான கோபம் அல்ல என்று அவனுக்கும் தெரியும். இரண்டு நாற்பதுக்கு எமிலியானுஸ் வாளியில் தண்ணீர் பிடித்தார். ஓய்வு நாளில், காலையில் துடைத்த படியை, மறுபடி துடைத்தார். நிக்கலாஸ் வாசல். இப்போது வாசலைத் தாண்டியிருப்பாள். ஆபிரகாம். ஏற்றம் தொடங்கும், சப்பாத்து வழுக்கும். கழுகு. விக்னராஜாவைச் சுற்றி ஈரமாக்கிவிட்டு மேலே போனார். சிரிப்பில் ஏறி நின்றபோது சாந்தா தெரேசாக் கோயில் மணி மூன்று அடித்தது. அங்கே ஐந்து.

வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தார். துரை இப்போது வந்தான்.

"அவனும் வலமாத்தான் போயிருக்கிறான்" என்றார் சத்தமாக.

கீழேயிருந்து விக்னராஜா தலையை நிமிர்த்தினான்.

"ஏழு மாசம் தம்பி. முதல் நாள் பின்னேரம் நான் கிழக்காலைதான் ஓடித் தேடினனான். அங்காலை, ஆத்தங்கரை மட்டும். மேற்காலை போகேல்லை. ஏன் போவன்? என்ரை வாயாலை எல்லோ வழி சொன்னனான். அவன் என்ரை சொல்லைத் தட்டமாட்டான் எண்டு எனக்குத் தெரியும்." ஈரத் துணியைப் பிழிந்தார். "தட்டேல்லைத்தான்."

நாலு மணிக்குச் சிஞ்ஞோரா எழுந்து வந்து, ஒருவன் கீழேயும் ஒருவர் மேலேயுமாகப் படியில் இருப்பதைக் கண்டார். இரண்டு கோப்பை காப்பி கொண்டுவந்து இரண்டு திருப்பத்திலும் வைத்துவிட்டுப் போனார். எண்பத்திரண்டு வயதில் அந்தப் பதினெட்டுப் படியை அவர் ஏறி எமிலியானுஸ் கண்டது அன்றுதான்.

செய்தி வந்தது திங்கட்கிழமை, போலந்திலிருந்து. அவள் போய்ச் சேர்ந்தபோது வான் விளக்கைப் போட்டு வெளிக்கிடத் தயாராக நின்றதாம். ஓடிப்போய்க் கதவில் கையால் அடித்தாளாம். விக்னராஜா சாப்பாட்டுக்கடைத் தொலைபேசியில் இதைச் சொல்லும்போது சிரித்தான், அழுதான், பின்னால் கோப்பை உடைந்தது. எமிலியானுஸ் "தேவனுக்கு நன்றி" என்றார். பிறகு வேலைக்குப் போனார். அந்த வருஷத்து வான்கடிதம் யோகாம்பாளிடமிருந்து அதே கிழமை வந்திருந்தது. பதில் எழுத மூன்று தரம் இருந்தார். முதல் இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரவில்லை.

தையில் சாம்பவி பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தாள். வந்த மூன்றாம் நாள், அல்பெர்கேரியாவில் எடுத்த ஒற்றை அறையில் சுட்ட முறுக்கோடு, இருவருமாக மாளிகைப் படியேறி வந்தார்கள். அவள் மெலிந்து, காதோரம் குளிரில் தோல் உரிந்து இருந்தாள். சிரித்தால் நல்ல சிரிப்பு. சிஞ்ஞோராவின் குசினியில் எமிலியானுஸ் காப்பி வைத்தார். மரியாதைப் பேச்செல்லாம் முடிந்த பிறகு, அலுமாரிக் கதவைத் திறந்து, படத்தை உரித்து எடுத்து மேசையில் விரித்தார்.

"முதல் தரம் நீ போன வழியைக் காட்டு பிள்ளை."

"ஐயோ, அந்தப் பிழைச்ச வழியோ அண்ணை?"

"அதைத்தான்."

அவள் மானில் விரலை வைத்தாள். ஆற்றுக்கு முதுகு காட்டி மதிலுக்கு வந்தாள். அங்கிருந்து மேற்கே திரும்பினாள். எமிலியானுஸின் படத்தில் அந்தப் பக்கம் கோடுகள் மெல்லிசாகவும் பெயர் இல்லாமலும் இருந்தன. படிக்கட்டிலும் அந்தப் பக்கத்துக்கு ஒரு திருப்பமும் கிடையாது.

"இஞ்சை சுவர் உடைஞ்சு கிடந்தது. இஞ்சை நாய் ஒண்டு குலைச்சது. இஞ்சை ஒரு கோபுரம், வாசலுக்குப் பலகை அடிச்சிருந்தது. இதிலை கொஞ்ச நேரம் நிண்டனான்."

"ஏன் நிண்டனி?"

"இதுதான் சிரிப்புக் கோபுரமாக்கும் எண்டு நினைச்சன். நீங்கள் சொன்னபடி வந்தனான்தானே. வான் இப்ப வரும், இப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

விக்னராஜா அவள் கையைத் தொட்டான், போதும் என்பதுபோல. அவளுக்கு விளங்கவில்லை.

"குளிரோ அதிலை?" என்றார் எமிலியானுஸ்.

"இல்லை அண்ணை. மறைப்பான இடம். காத்து அடிக்கேல்லை. இன்னும் எவ்வளவு நேரமெண்டாலும் நிண்டிருக்கலாம்."

அவள் விரலை எடுத்தாள். எடுத்த இடத்தில் எமிலியானுஸ் தன் விரலை வைத்தார். அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது; விக்னராஜாதான் எழுந்துபோய் அணைத்தான். எமிலியானுஸ் விரலை எடுக்கவில்லை.